உஷார்! ‘சர்ட்டிஃபைட்’ வாட்ச் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வாட்ச் தேடும் பெண் வீட்டார், போனஸ் பணத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கல் வாட்ச் கட்டிப்பார்க்க ஆசைப்படும் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், துபாயிலிருந்து வரப்போகும் மச்சானிடம் சொல்லிவைத்திருக்கும் வாணியம்பாடித் தம்பி என எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த எச்சரிக்கை. “சர்ட்டிஃபைட் பீஸ் பாய், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்று யாராவது சொன்னால், அந்த நிமிடம் கண்ணை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள்.

பேட்டரி இல்லாமல் சுருள்வில்லின் பலத்தில் ஓடும் வாட்சுகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அதோடு சான்றிதழ் பேச்சும் வந்திருக்கிறது. சுவிஸ் சான்றிதழ், அரசாங்க முத்திரை, கம்பெனியின் சொந்த முத்திரை என்று பல உண்டு. இவை எல்லாம் ஒரே தரத்தைத்தான் சொல்கின்றன என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுவதுதான் ஆபத்து. போலிச் சான்றிதழ் ஒரு பக்கம் இருக்கட்டும். அசல் சான்றிதழை வைத்தே உங்களை ஏமாற்ற முடியும். மெஷினுக்குக் கொடுத்த சான்றிதழை முழு வாட்சுக்கும் கொடுத்ததாகச் சொல்லலாம். வேலைப்பாட்டுக்குக் கொடுத்ததை நேரத் துல்லியத்துக்குக் கொடுத்ததாகக் காட்டலாம். பத்து வருடத்துக்கு முன்பு கொடுத்ததை இன்றைக்கும் செல்லும் என்று விற்கலாம். ஆகவே எந்த முத்திரையைப் பார்த்தாலும் எதைச் சோதித்தார்கள், யார் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் பர்ஸை எடுக்காதீர்கள்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. டேனரி ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் எல்.டபிள்யூ.ஜி. சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். 2005ல் தொடங்கிய லெதர் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தருவது. தணிக்கையாளர் வந்து தண்ணீர், மின்சாரம், ரசாயனம், கழிவுநீர், தோல் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு எல்லாவற்றையும் பார்த்து, மதிப்பெண்ணுக்கு ஏற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறார். அந்தத் தங்கம் டேனரிக்குச் சேர்ந்தது. அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தோலும் கிழியாது, சாயம் விடாது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அதற்கும் காலக்கெடு உண்டு, திரும்பத் தணிக்கைக்கு உட்பட வேண்டும்.

ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு அது போதாது. உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம் 6 என்ற நச்சு வடிவம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக்கூடாது என்று 2015 மே 1 முதல் அங்கே சட்டம். அதற்கு ஐ.எஸ்.ஓ. 17075 முறைப்படி தோலையே வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். சுவரில் தங்கச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது என்பதற்காக எந்த பையரும் அந்த லேப் ரிப்போர்ட்டை விட்டுக்கொடுப்பதில்லை. இன்னொன்றும் இங்கே தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: லேபில் பாஸான தோலிலேகூட, சூட்டிலும் வறண்ட காற்றிலும் கிடந்தால் பிறகு குரோமியம் 6 உருவாகலாம். சான்றிதழ் என்பது சோதனை நடந்த நாளின் சாட்சி. இவ்வளவு விவரமானவர்கள், கண்ணாடி ஷோகேஸுக்கு முன்னால் நின்றதும் ஒரு அட்டையைப் பார்த்து மயங்கிப்போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாட்ச் உலகில் அதிகம் காதில் விழும் பெயர் கோஸ்க். 1973ல் சுவிட்சர்லாந்தில் அமைந்த, லாப நோக்கமற்ற சோதனை நிறுவனம். வாட்ச் கம்பெனிகள் தங்கள் மெஷின்களை அதன் ஆய்வகங்களுக்கு அனுப்பும். ஐ.எஸ்.ஓ. 3159 என்ற தர விதிப்படி 15 நாள் சோதனை நடக்கும். டயல் மேலே, டயல் கீழே, சாவி ஒரு பக்கம், சாவி மேல், சாவி கீழ் என்று ஐந்து நிலைகளில் வைத்துப் பார்ப்பார்கள். 8, 23, 38 டிகிரி செல்சியஸ் என மூன்று வெப்பநிலைகள். எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது, நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்று ஏழு அளவுகோல்கள். 20 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மெஷின், சராசரியாக ஒரு நாளைக்கு 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம். அதற்குள் நின்றால்தான் ‘குரோனோமீட்டர்’ என்ற பட்டம். ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாகச் சோதிக்கப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி எண். இந்த வகையில் கோஸ்க் மதிக்கத்தக்க சோதனைதான்.

ஆனால் சோதனைக்குப் போவது மெஷின் மட்டும். கேஸ் இல்லை, உங்கள் கண்ணைக் கவர்ந்த டயலும் முள்ளும் இல்லை. சோதனைக்கென்று ஒரு தற்காலிக டயலை மாட்டித்தான் அளக்கிறார்கள். பாஸான பிறகு மெஷின் கம்பெனிக்குத் திரும்புகிறது, அசல் டயலும் முள்ளும் பொருத்தப்படுகின்றன, கேஸில் அடைக்கப்படுகிறது, பெட்டியில் ஏறுகிறது, விமானத்தில் போகிறது, மாதக்கணக்கில் ஷோகேஸில் கிடக்கிறது. தண்ணீர் புகுமா, காந்தம் தாக்குமா, சாவி கொடுத்தால் சொன்ன மணி நேரம் ஓடுமா என்ற எதையும் கோஸ்க் தேர்வு கேட்பதில்லை. ‘கோஸ்க் சர்ட்டிஃபைட், அதனால் வாட்டர்ப்ரூஃப்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். நாளுக்கு 6 விநாடி முந்தினால் மாதம் 3 நிமிடம். 4 விநாடி பிந்தினால் மாதம் 2 நிமிடம். சாதாரணமான ஒரு குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கே 15, 20 விநாடிதான் மாறும். ஷிஃப்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால், சான்றிதழுக்கென்று ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க அவசியமில்லை. மெக்கானிக்கல் வாட்சின் மதிப்பு வேறு. அதைத் தெரிந்து, விரும்பி வாங்குங்கள்.

முழு வாட்சையும் சோதிக்கும் சான்றிதழ் இல்லையா? இருக்கிறது. சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் தரும் ‘மாஸ்டர் குரோனோமீட்டர்’. 2015ல் ஒமேகா இதைக் கொண்டுவந்தது, 2021ல் டியூடரும் சேர்ந்தது. முதலில் மெஷின் கோஸ்க் தேர்வில் பாஸாக வேண்டும். பிறகு கேஸில் அடைத்த முழு வாட்சுக்குத் தனிச் சோதனை. 15,000 காஸ் காந்தப் புலத்தில் வைக்கிறார்கள், தண்ணீரில் அழுத்துகிறார்கள், சாவி தீரும் வரை ஓடவிடுகிறார்கள். பெரிய மெஷின் என்றால் நாளுக்கு 5 விநாடி வரை முந்தலாம், பிந்தவே கூடாது. சோதனை கம்பெனியின் வளாகத்திலேயே நடக்கிறது, மேற்பார்வை மெட்டாஸ் அதிகாரிகளுடையது. கையில் கட்டி அலையும் பொருளுக்கு மிக நெருக்கமான தேர்வு இதுதான் என்பது என் முடிவு.

இனிக் கம்பெனிகளே தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் முத்திரைகள். ரோலெக்ஸ் 2015 முதல் தன் ‘சூப்பர்லேட்டிவ் குரோனோமீட்டர்’ வாட்சுகள் கேஸில் அடைத்த பிறகும் நாளுக்கு 2 விநாடி முன்னே பின்னே என்ற எல்லைக்குள் நிற்கும் என்கிறது. மெஷின் அதற்கு முன் கோஸ்க்கில் தேறியிருக்கும். படேக் ஃபிலிப் 2009ல் சொந்த முத்திரை தொடங்கியபோது 3 விநாடி பிந்தல், 2 விநாடி முந்தல் என்று வைத்தது. ஜப்பானின் கிராண்ட் செய்கோ ஆறு நிலைகளில் 17 நாள் பார்க்கிறது, 3 விநாடி பிந்தலுக்கும் 5 விநாடி முந்தலுக்கும் இடையே நிற்க வேண்டும் என்கிறது. எண்களைப் பார்த்தால் மூன்றும் கோஸ்க்கைவிடக் கடுமை. ஆனால் செய்பவரும் சோதிப்பவரும் விற்பவரும் ஒருவரே. மேல்விஷாரத்து டேனரிக்காரர் தன் தோலுக்குத் தானே லேப் ரிப்போர்ட் எழுதிக்கொண்டால் ஹாம்பர்க்கில் இருக்கும் பையர் எப்படி வாசிப்பார்? அப்படியே வாசியுங்கள். நம்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பல வருடம் சம்பாதித்த பெயரை அடகு வைத்துத்தான் அவர்கள் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்பது அந்தக் கம்பெனி மட்டுமே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெனிவா முத்திரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1886ல் ஜெனிவா மாகாணம் சட்டம் போட்டு உருவாக்கியது, கழுகும் சாவியும் பொறித்த சின்னம். அது முதன்மையாகச் சோதிப்பது கைவேலையை: பாகங்களின் விளிம்பு மெருகேற்றப்பட்டிருக்கிறதா, திருகு ஒவ்வொன்றும் பளபளக்கிறதா, அந்த மாகாணத்திலேயே கோக்கப்பட்டதா என்று. பிற்காலத்தில் முழு வாட்சையும் ஓடவிட்டுப் பார்க்கும் விதி சேர்ந்தது. அதன் எல்லை ஏழு நாளில் ஒரு நிமிடம். அதாவது நாளுக்கு எட்டு விநாடிக்கு மேல். உலகின் மிக விலையுயர்ந்த வாட்சுகளில் இருக்கும் முத்திரை, நேரத் துல்லியத்தில் கோஸ்க்கைவிடத் தளர்வான எல்லை வைத்திருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த முத்திரை வேறொரு கேள்விக்கான பதில். விலையை வைத்துத் துல்லியத்தை அளப்பவர்தான் ஏமாந்துபோகிறார்.

சான்றிதழே இல்லாதவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. பல நடுத்தர விலை வாட்சுகளில் இருக்கும் செய்கோவின் 4ஆர்36 மெஷினுக்கு அந்தக் கம்பெனி சொல்லும் கணக்கு, நாளுக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8200 வகைக்கு 40 விநாடி முந்தல், 20 விநாடி பிந்தல். கையில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும். கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம் அவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இந்த மெஷினை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ‘கோஸ்க் சர்ட்டிஃபைட்’ என்று யாராவது விற்றால் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். கோஸ்க் முத்திரை சுவிஸ் மெஷின்களுக்குத்தான். ஜப்பான் மெஷினிலோ சீன மெஷினிலோ அது இருக்க வழியில்லை.

சான்றிதழ் மாதிரித் தோற்றமளிக்கும் மூன்று விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘குரோனோகிராஃப்’ என்றால் ஸ்டாப்வாட்ச் வசதி உண்டு என்று மட்டும்தான் பொருள். பெயர் ஒலிப்பதை வைத்து அதைக் குரோனோமீட்டர் என்று தள்ளிவிடுவார்கள். ‘17 ஜுவல்ஸ்’ என்பது உராய்வைக் குறைக்க உள்ளே வைத்திருக்கும் கற்களின் எண்ணிக்கை. ‘சுவிஸ் மேட்’ என்பது எங்கே செய்தது என்பதற்கான சட்டச் சொல். 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அந்நாட்டில் ஆகியிருக்க வேண்டும், மெஷின் சுவிஸ் மெஷினாக இருக்க வேண்டும், கேஸில் அடைப்பதும் கடைசிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் உங்கள் வாட்ச் நாளுக்கு எத்தனை விநாடி தவறும் என்று சொல்லாது.

இனி நம்மூர் வெயிலுக்கு வருவோம். கோஸ்க் சோதனையின் உச்ச வெப்பநிலை 38 டிகிரி. மே மாதத்து வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கையில் கட்டியிருக்கும்போது உடம்புச் சூடு வாட்சை ஓரளவு ஒரே நிலையில் வைத்திருக்கும். கழற்றி பைக் டேங்க் கவரிலோ, கண்ணாடி ஏற்றிய காரின் டேஷ்போர்டிலோ வைத்தால், எந்தச் சான்றிதழும் பார்த்திராத சூட்டில் அது வேகும். உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கும் அது கேடு. கண்ணுக்குத் தெரியாத சேதம், ஆனால் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது காந்தம். நம் பகுதியில் லேடீஸ் பேக், வாலட், பெல்ட் செய்யும் கம்பெனிகள் ஏராளம். அந்தப் பைகளை மூடும் மேக்னட் பட்டன்களைக் குவியலாகக் கொட்டி வைத்து, நாள் முழுக்கக் கையால் அள்ளி வேலை செய்கிறார்கள். வாட்ச் கட்டிய கை அந்தக் குவியலுக்குள் போய் வருகிறது. மெக்கானிக்கல் வாட்சுக்கு உயிர் ஹேர்ஸ்பிரிங் என்ற தலைமுடி கனமுள்ள சுருள். அதில் காந்தம் ஏறினால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதன் நீளம் குறைந்தது போல் ஆகிவிடும், வாட்ச் தறிகெட்டு முந்தும். நாளுக்குச் சில நிமிடங்கள்கூட. காந்தத்தைத் தாங்கும் வாட்ச் என்று சொல்லிக்கொள்ள ஐ.எஸ்.ஓ. 764 தரம் கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது சுமார் 60 காஸ் புலத்தைத் தாங்க வேண்டும் என்பது. ஒரு மேக்னட் பட்டனின் முகத்திலேயே நூற்றுக்கணக்கான காஸ் இருக்கும். மொபைல் ஸ்பீக்கர், மொபைல் கவரின் காந்த மூடி, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாமே இதில் அடக்கம். கோஸ்க் இதைச் சோதிப்பதே இல்லை. கோஸ்க் பாஸான மெஷினும் பேக் கம்பெனியில் ஒரு மணி நேரத்தில் காந்தம் ஏறிப்போகலாம்.

வாட்ச் திடீரென்று முந்த ஆரம்பித்தால் பதறி யாரிடமும் மெஷினைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். முதலில் ஒரு சிறிய திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ரிப்பேர் கடையில் டீமேக்னடைசர் வைத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். இதற்கே முழு சர்வீஸ் கட்டணம் கேட்பவரிடமிருந்து வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சி.எம்.சி.க்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ நோயாளியோடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரங்களில் பலவற்றின் காந்தப் புலம் 1.5 டெஸ்லா. அதுதான் 15,000 காஸ். மாஸ்டர் குரோனோமீட்டர் தாங்கும் என்று சொல்லப்படும் அதே அளவு. அந்த எண்ணை நம்பி வாட்சோடு ஸ்கேன் அறைக்குள் போய்விடாதீர்கள். கேஸிலும் பக்கிளிலும் இரும்பு இருந்தால் இயந்திரம் இழுக்கும், நோயாளிக்கும் உங்களுக்கும் ஆபத்து. ஊழியர் கழற்றச் சொல்வதற்கு முன்பே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய வாட்ச் வாங்குபவர்கள்தான் எல்லாரையும்விட அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எச்.எம்.டி. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிலைத் தொடங்கியது. ஜனதா போன்ற சாவி வாட்சுகள் ஒரு தலைமுறையின் முதல் சம்பள வாட்ச். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட ஒப்புதல் கொடுத்த பிறகு பழைய பீஸ்களுக்குக் கிராக்கி ஏறியது. அதோடு ஒரு கள்ளத்தொழிலும் வளர்ந்தது. பழைய டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்து, கம்பெனி கனவிலும் போடாத நிறங்களில் அச்சிட்டு, நாலு வாட்சின் பாகங்களை ஒன்றாக்கி, ‘நியூ ஓல்டு ஸ்டாக்’ என்று இணையத்தில் விற்கிறார்கள். எச்.எம்.டி.க்கு மட்டும் இந்தக் கதி இல்லை, பழைய செய்கோ, சிட்டிசன், சுவிஸ் வாட்சுகளும் இப்படி வருகின்றன. டயலில் பெயின்ட் அடிப்பவர் கையில் பிரஷ் இருக்கும்போது ‘குரோனோமீட்டர்’ என்று எழுதுவதைத் தடுக்க யாருமில்லை. அச்சு எழுத்துக்களின் விளிம்பு பிசிறு தட்டியிருக்கிறதா, மணிக்கோடுகள் நேராக இருக்கின்றனவா, டயலில் உள்ள பெயரும் மெஷினில் பொறித்த பெயரும் ஒன்றா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பேக் கவரைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் பழைய வாட்ச் வாங்கவே வாங்காதீர்கள்.

‘ஃபர்ஸ்ட் காப்பி’ விற்பவர்கள் இன்னொரு படி மேலே போய்விட்டார்கள். பெட்டி, பச்சை நிற முத்திரைத் தொங்கட்டான், வாரன்டி கார்டு, சான்றிதழ் எண் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். கார்டும் பெட்டியும் வாட்சைவிட எளிதாகக் காப்பி அடிக்கக்கூடியவை என்பதை மறக்காதீர்கள். தங்க நகைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் கட்டாயம், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும். வாட்ச் சான்றிதழ் எல்லாவற்றையும் அப்படி ஒரே இடத்தில் சரிபார்க்க இந்தியாவில் வழி இல்லை. அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போய், கவரைத் திறந்து, மெஷினில் பொறித்த எண்ணையும் கேஸின் சீரியல் எண்ணையும் கார்டோடு ஒப்பிடச் சொல்வதுதான் உறுதியான வழி. பெரிய தொகை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிப் போவதற்குச் சோம்பல்படாதீர்கள். இரண்டு ஊரும் நமக்குப் பக்கம்தான்.

வாங்கும் நாளிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நல்ல ரிப்பேர் கடைகளில் டைம்கிராஃபர் என்ற சிறிய கருவி இருக்கும். வாட்சின் டிக் டிக் ஒலியைக் கேட்டு, நாளுக்கு எத்தனை விநாடி தவறுகிறது என்று நிமிடத்தில் காட்டும். அந்த ஓர் எண்ணோடு திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். பேலன்ஸ் வீல் எவ்வளவு வீச்சாக ஆடுகிறது என்பதையும் கருவி டிகிரியில் காட்டும். முழுதாகச் சாவி கொடுத்து டயலை மேலே பார்த்து வைத்தால் 270லிருந்து 310 வரை இருப்பது ஆரோக்கியம். 200ஐ ஒட்டித் தள்ளாடினால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. வாட்சில் இருக்கும் எந்த முத்திரையும் அந்தச் செலவைக் குறைக்காது. பிறகு சாவி கீழ்ப்பக்கம், சாவி மேல்பக்கம் என்று நிறுத்தி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒரு நிலையில் 2 விநாடி, இன்னொரு நிலையில் 40 விநாடி என்று தாவினால், “ரெண்டே செகண்ட்தான் சார்” என்று சொன்னவர் உங்களுக்குப் பாதியைத்தான் காட்டியிருக்கிறார்.

ஸ்ட்ராப் விஷயத்தில் நம்மை ஏமாற்ற விடலாமா? வாட்சுக்கு எத்தனை சான்றிதழ் இருந்தாலும் அவற்றில் ஒன்றுகூட ஸ்ட்ராப்பைத் தொடுவதில்லை. நாள் முழுக்க வியர்வையோடு தோலில் ஒட்டிக்கிடப்பது அதுதான். ‘ஜெனுவின் லெதர்’ என்று முத்திரை குத்திய ஸ்ட்ராப், ஸ்ப்ளிட் தோலின் மேல் பி.யூ. பூசியதாக இருக்கலாம். அதை இங்கே கட்டிங் மேஜையில் நிற்கும் அக்கா விரல் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரிடமே கேளுங்கள். விலைகுறைந்த ஸ்ட்ராப் கட்டிய இடத்தில் சிவந்து அரித்தால், வெயில் கொப்புளம் என்று விட்டுவிடாமல் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். குரோமியம் 6 தோல் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. ஜெர்மனிக்காரர் மணிக்கட்டுக்காக லேபில் சோதிக்கும் அதே தோலை, நம் பிள்ளைகளின் மணிக்கட்டுக்கும் ரிப்போர்ட் கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது. ஸ்ட்ராப் தயாரிப்பாளரிடம் அந்த ரிப்போர்ட்டைக் கேட்கத் தயங்காதீர்கள். ஏற்றுமதி செய்பவரிடம் அது இருக்கும்.

வாங்கி வந்த பிறகு முதல் வாரம் நீங்களே சோதனை செய்யுங்கள். மொபைல் நேரத்தோடு விநாடி சரியாக வைத்துவிட்டு, தினமும் அதே நேரத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தேதியோடு எழுதிவாருங்கள். இரவில் வாட்சை எந்தப் பக்கமாக வைத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். நாளுக்கு 4 விநாடி பிந்தல், 6 விநாடி முந்தல் என்று சொல்லி விற்றது நாளுக்கு 25 விநாடி முந்தினால், அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போங்கள். காந்தம் எடுத்து, சரிசெய்து தர முதல் வாய்ப்புக் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொய்யான தர உத்தரவாதத்தை நியாயமற்ற வணிக முறை என்று பார்க்கிறது.

இந்த எல்லாவற்றுக்கும் ஆதாரம் பில்தான். ரொக்கம் கொடுத்து, துண்டுச் சீட்டு வாங்கி வந்தால் 1915க்கு அழைத்து என்ன காட்டுவீர்கள்? மாடல் எண், கேஸின் சீரியல் எண், மெஷினின் காலிபர் எண், சான்றிதழ் உண்டு என்றால் எந்தச் சான்றிதழ், அதன் எண் என்ன என்று அத்தனையும் ஜி.எஸ்.டி. பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் நூறு முறை ‘சர்ட்டிஃபைட்’ என்று சொன்னவர் அதைப் பேனாவால் ஒரு முறை எழுத மறுத்தால், வாட்சை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.